எலும்பு பிடிக்கும் காலம்

மனைவியின் முன்பல் ஒன்று போய்விட்டது என்பதை அவள் சொல்லாமலே அவன் அறிந்துகொண்டான். கைப்பேசித் திரையில் அவள் முகம் தோன்றும்போதெல்லாம் மேலுதட்டின் இடப்பக்கம், உள்ளிருந்து தாங்குவார் இல்லாததுபோல், மிக மெல்ல உள்வாங்கியிருந்தது. வேறு எவர் கண்ணுக்கும் அது பட்டிராது. பிறர் வாய்க்குப் பல் செய்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு உதடு ஒரு திரைச்சீலை. அதன் மடிப்பைக் கண்டே பின்னால் நிற்பது தூணா வெற்றிடமா என்று சொல்லிவிடுவான்.

“பல்லு என்ன ஆச்சு?” என்றான்.

“எந்தப் பல்லு?”

“மேல, இடது பக்கம், முன்பல்லு.”

திரையில் அவள் சிரிக்கப்போய், சிரிப்பை உதட்டுக்குள்ளேயே மடித்துக்கொண்டாள்.

“மயக்கம் தெளியறப்போ ஒரு பேஷன்ட் கையை வீசிட்டாரு. என் கையில இருந்த ட்ரே வந்து வாயில அடிச்சுடுச்சு. பாவம், அவருக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல.”

“எப்போ?”

“போன வருஷம்.”

“சொல்லவே இல்லையே.”

“சொன்னா அங்கேருந்து பல்லை வீசியா எறிவீங்க? லீவுல வர்றேன்ல, பாத்துக்கலாம்.”

அவள் கடல்கடந்த நாடொன்றில் தீக்காய வார்டின் தலைமைச் செவிலி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாத விடுப்பு. பிரிந்து செல்வது ஆணுக்கும் ஆற்றியிருப்பது பெண்ணுக்கும் என்று பழம்பாடல்கள் வகுத்துவைத்த நெறி அந்த வீட்டில் திசை மாறிப்போயிருந்தது. செல்பவள் அவள். மகளுக்குத் தலைவாரி, பள்ளிக்கு அனுப்பி, கதவைப் பூட்டி, வேலைக்குப் போய், மாலையில் அதே கதவைத் திறப்பவன் அவன்.

அவன் வேலை பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில். முன்னறையிலிருந்து மருத்துவர் பசையில் பதித்து எடுத்தனுப்பும் அளவில் சுண்ணக் குழைவை ஊற்றி வாயின் வார்ப்பைப் பெறுவான். அதன்மேல் மெழுகில் பல்லைச் செதுக்குவான். பீங்கானில் சுட்டு, பக்கத்துப் பல்லின் சாயலைப் பார்த்து நிறம் ஏற்றுவான். மருத்துவர் அவனைச் ‘சிற்பி’ என்று கேலியாக அழைக்கத் தொடங்கி, அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது. ஊரில் எத்தனையோ பேர் அவன் செய்த பற்களால் உண்டார்கள், சிரித்தார்கள், சண்டையிட்டார்கள். ஒருவரும் அவன் முகத்தைக் கண்டதில்லை.

முல்லை அரும்பென்றும் முத்தென்றும் புலவர்கள் பாடிய வரிசை அவளுக்கு வாய்த்ததில்லை. மேல்வரிசையின் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே நூலிழை நுழையும்படி ஓர் இடைவெளி இருந்தது. முத்துக்கோவைக்கு அது குற்றம். அவனுக்கோ, அந்தச் சிறு இருட்டைக் காணாத சிரிப்புகள் எல்லாம் எங்கோ முழுமை பெறாதவையாகத் தோன்றின.

மணமான புதிதில் அவன் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தான். பழகிப் பார்க்க ஒரு வாய் தேவைப்பட்டது. அவள் வாயைத் திறந்தாள். குளிர்ந்த பசையை நிரப்பினான். அது இறுகுவதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கால் சிரித்து, கண்ணில் நீர் வழிய, அவன் கையை அடித்தாள். அன்று எடுத்த வார்ப்பு அவனுடைய மேசை இழுப்பறையில் இன்னமும் இருந்தது.

அதன்மேல்தான் அவன் அந்தப் பல்லைச் செய்தான். அண்ணத்தோடு ஒட்டி நிற்கும் மெல்லிய இளஞ்சிவப்புத் தகடு. அதன் விளிம்பில் ஒற்றைப் பல். நிரந்தரப் பல் கட்டும்வரை இது தாங்கும். பழைய அகலம், பழைய சாய்வு, பழைய இடைவெளி. வேலை நேரம் முடிந்த பிறகு, எவருடைய பணிக்கும் ஊறு வாராமல் சிறுகச் சிறுக மெருகேற்றினான். மருத்துவர் முன்னிலையில் மாட்டிக் காட்டவேண்டும் என்பது அவன் எண்ணம். ஒரு சிறு டப்பாவில் பஞ்சு பரப்பி அதைப் பொதிந்து வைத்தான்.

அவள் வந்து சேர்ந்தாள். வீட்டுக்குள் நுழைந்தும் முகக்கவசத்தைக் கழற்றவில்லை.

“கழட்டும்மா, பாக்கணும்” என்றாள் மகள்.

அவள் கழற்றிக் காட்டினாள். மகள் அருகே வந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து ஆராய்ந்தாள்.

“எனக்கும் ரெண்டாங் கிளாஸ்ல இப்படித்தாம்மா இருந்துச்சு. வளர்ந்துடும். பயப்படாதே.”

மூவரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது அவள் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள். மறைக்கும் அந்தக் கையையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாத ஒரு நாட்டில், அவன் காணாத நாட்களில், அந்தக் கை இந்த வழக்கத்தைக் கற்றிருந்தது.

மறுநாள் நோயாளிகள் வருமுன் அவன் மருத்துவரின் அறைக்குச் சென்றான்.

“என்ன சிற்பி, லீவா? தாராளமா எடுத்துக்கோங்க. வீட்டுல வந்திருக்காங்க.”

“லீவு இல்ல, டாக்டரம்மா. நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வர்றேன். அவகிட்ட இம்பிளான்ட் பத்தி மட்டும் சொல்லுங்க. பிரிட்ஜ் பேச்சை எடுக்க வேண்டாம்.”

“ஏனாம்?”

“பக்கத்துப் பல்லு ரெண்டும் நல்ல பல்லு. அதைப் போய் ராவிக் குச்சியாக்கணுமா?”

“சரி, அது ஒரு காரணம். இன்னொண்ணு என்ன?”

அவன் மேசையிலிருந்த கையுறைப் பெட்டியை நேராக வைத்தான்.

“இம்பிளான்ட்னா எலும்பு பிடிக்க ஆறு மாசம் ஆகும்ல.”

மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஓஹோ! எலும்புல திருகு போடச் சொல்லல நீங்க. வீட்டம்மாவை வீட்டுச் சுவரோட வெச்சு முடுக்கச் சொல்றீங்க.”

“பொய் சொல்லச் சொல்லலையே. ஒண்ணைச் சொல்லாம விட்டாப் போதும்.”

“பாப்போம்” என்றார் அவர், பிடிகொடுக்காமல்.

நல்ல பற்களைக் காக்கவேண்டும் என்பது மெய். அவளை நிறுத்திவைக்கவேண்டும் என்பதும் மெய். எது எதற்குத் திரையாக நின்றது என்பதை அவனாலேயே சொல்ல முடியவில்லை. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் வந்திருந்தாலும் அவன் நெஞ்சில் அலகு வைத்துத் திகைத்துப் போயிருக்கும். வார்டில் அவள் எப்படி நடக்கிறாள் என்பதை அவன் ஒருமுறை திரையில் கண்டிருந்தான். கைப்பேசியை அணைக்க மறந்து அவள் வார்டில் ஏதோ ஆணையிட, நான்கு பேர் ஓடினார்கள். அந்தக் குரல் வீட்டில் கேட்டறியாத குரல். அவளை அந்த இடத்திலிருந்து பெயர்த்தெடுக்கத் தனக்கு உரிமை உண்டா என்று அன்று தொடங்கிய கேள்வி அவனை இன்னும் விட்டபாடில்லை.

மறுநாள் அவள் நாற்காலியில் சாய்ந்து கிடக்க, மருத்துவர் ஸ்கேன் படத்தைத் திரையில் விரித்தார். அவன் சுவரோரம் நின்றான். சட்டைப்பையில் டப்பா இருந்தது.

“மூணு வழி இருக்கு, சிஸ்டர்” என்று மருத்துவர் தொடங்கினார். “ஒண்ணு, கழட்டி மாட்டுற பிளேட். சுலபம். ஆனா கடிக்கும்போது ஆடும், எப்பவும் வாயில ஏதோ இருக்கற ஞாபகம் இருக்கும். ரெண்டாவது, பிரிட்ஜ். ரெண்டு பக்கத்துப் பல்லையும் சுத்தி ராவிச் சின்னதாக்கி, மூணு உறையை, அதான் கேப்பை, ஒண்ணா சேர்த்து ஒட்டிடுவோம். உங்க லீவுக்குள்ளயே முடிஞ்சிடும். ஆனா ராவினது ராவினதுதான். மூணாவது, இம்பிளான்ட். எலும்புல ஒரு டைட்டானியம் திருகு. பல்லு போய் நாளானதால எலும்பு கொஞ்சம் கரைஞ்சிருக்கு, இங்க பாருங்க. அதனால திருகு வைக்கறப்பவே எலும்புத் தூளும் வைக்கணும். அப்புறம் எலும்பு திருகைப் பிடிச்சுக்கற வரைக்கும், ஆறு மாசம் போல, அதைத் தொந்தரவு பண்ணக் கூடாது. அதுக்கப்புறம்தான் மேல கேப்.”

அதே குரலில் அவர் தொடர்ந்தார்: “இதுல ரெண்டாவதைச் சொல்ல வேணாம்னு ஒருத்தர் கேட்டுக்கிட்டாரு. எனக்கு அப்படிச் சொல்லிப் பழக்கமில்ல.”

சுவரோரம் நின்றவனுக்குக் காதுமடல் சுட்டது. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

“எலும்பு பிடிக்காமப் போறது உண்டா, டாக்டர்?”

“உண்டு, கொஞ்ச பேருக்கு. புகை, சர்க்கரை இருந்தா அதிகம். உங்களுக்கு ரெண்டும் இல்ல.”

“அந்த ஆறு மாசமும் இங்கயே இருக்கணுமா?”

மருத்துவர் ஒரு கணம் சிற்பியைப் பார்த்தார். “தையல் பிரிக்கிற வரைக்கும் இருங்க. நடுவுல அங்கயே ஒரு பல் டாக்டர்கிட்ட காட்டி, படம் எடுத்து அனுப்புங்க. மத்தபடி எலும்புக்கு நாடு தெரியாது. எங்க இருந்தாலும் பிடிக்கும்.”

இந்த விடை அவன் அறியாததன்று. கேள்வி எழாமல் இருந்தால் போதும் என்றே அவன் நம்பியிருந்தான்.

அப்போதுதான் அவள் திரும்பினாள். “நீங்க என்ன சொல்றீங்க?”

“உன் இஷ்டம்” என்றான்.

சொல்லி முடித்த பிறகு அந்தச் சொல் அறையில் தனியாக நிற்பதுபோல் இருந்தது. இடத்தை நிரப்ப எதையாவது செய்யவேண்டும் என்று சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்தான். “அதுவரைக்கும் மாட்டிக்கறதுக்கு… நான் ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கேன்.”

மருத்துவர் அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “அடேயப்பா” என்றார். அவள் வாயைத் திறந்தாள். தகடு அண்ணத்தில் ஏறியது. பல் ஏறவில்லை. மருத்துவர் விரலால் மெல்ல அழுத்தினார், சாய்த்து அழுத்தினார். அவள் முகம் சுளித்தாள். உடனே வெளியே எடுத்துவிட்டார்.

“எந்த அளவுல செஞ்சீங்க, சிற்பி?”

அவன் காலி டப்பாவை மூடினான்.

“பக்கத்துப் பல்லு காலி இடத்தைப் பாத்து நகர்ந்து வந்திருக்கே. அதுக்கு மறுபக்கத்துப் பல்லும் சாய்ஞ்சிருக்கு. புது அளவு எடுக்காம யாராவது தகடு செய்வாங்களா? போன வாரம் இதே தப்புக்கு அடுத்த கிளினிக் ஆளைப் பத்தி என்கிட்ட அரை மணி நேரம் திட்டித் தீர்த்தீங்களே!”

திட்டியது உண்மை. இடம் ஒன்று வெறுமையானால் அக்கம்பக்கத்துப் பற்கள் அதை வெறுமையாக விட்டுவைப்பதில்லை. நாள்தோறும் மயிரிழை மயிரிழையாக நெருங்கி வந்துவிடும். முகமறியாத ஒவ்வொருவர் வாயிலும் அவன் முதலில் தேடிப் பார்ப்பது அந்த நகர்வைத்தான். மனைவியின் வாய் மட்டும் தான் கடைசியாகக் கண்டபடியே தனக்காகக் காத்திருக்கும் என்று எப்படி நம்பினான் என்பது அவனுக்கே விளங்கவில்லை.

மருத்துவர் புது அளவு எடுத்துக் கொடுத்தார். அவன் அதைப் பின்னறைக்குக் கொண்டுபோய்ச் சுண்ணம் குழைத்து ஊற்றினான். அவளும் பின்தொடர்ந்து வந்து அவனுடைய சுழல்நாற்காலியில் அமர்ந்தாள். பொருந்தாத பல் அவள் கையில் இருந்தது. மேசைமேல் பழைய வார்ப்பைக் கண்டு, பல்லை அதில் வைத்துப் பார்த்தாள். சொடுக்கிட்டதுபோல் போய் உட்கார்ந்தது.

“இது என் பல்லு இல்லைங்க” என்றாள். “புதுசா கல்யாணம் ஆன ஒருத்தியோடது. அவ இப்ப எங்க இருக்கான்னு எனக்கே தெரியாது.”

“அவசரப்பட்டுட்டேன்.”

“இவ்வளவு மெருகு போட்டிருக்கீங்க. இதுக்குப் பேரு அவசரமா?”

சுண்ணம் இறுகத் தொடங்கியது. இறுகும்போது அது வெதுவெதுப்பாகும். அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

“டாக்டரம்மாவைச் சொல்லவெச்சு என்னை நிறுத்திடலாம்னு பாத்தீங்களா?”

“தப்புத்தான்.”

“தப்பா சரியான்னு கேக்கல. நான் முதல் தடவை கிளம்பினப்ப என்ன சொன்னீங்க?”

“உன் இஷ்டம்னேன்.”

“ரெண்டாவது தடவை?”

அவன் சுண்ணக் கிண்ணத்தைக் கழுவினான். ஏற்கெனவே கழுவிய கிண்ணம் அது.

“எதிர் வீட்டுக்காரங்க கேட்டாங்க, ஏம்மா இவ்வளவு தூரம் போறேன்னு. டாக்ஸி ஓட்டினவரு கேட்டாரு. உங்க அக்கா என்னைத் திட்டவே செஞ்சாங்க. எனக்கு அது கூடச் சந்தோஷமா இருந்துச்சு. நீங்க மட்டும் பெட்டியை எடை போட்டுக் குடுத்தீங்க. சரி, மனுஷனுக்கு நான் இருந்தாலும் இல்லாட்டாலும் ஒண்ணுதான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“உனக்கு அந்த வேலை பிடிச்சிருந்துச்சு. நான் குறுக்க நிக்கக் கூடாதுன்னுதான்…”

“பிடிச்சுத்தான் இருந்துச்சு. இப்பவும் பிடிச்சுத்தான் இருக்கு. கேட்டிருந்தா நின்னிருப்பேனான்னு எனக்குத் தெரியல. ஆனா நீங்க கேட்டிருக்கலாம்ல?”

சந்நிதியில் நின்று, இறைவனுக்குத் தெரியாததா என்று எண்ணி, வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லாமலே திரும்பும் அடியவனைப்போல் அவன் இத்தனை ஆண்டுகள் இருந்துவிட்டான். இறைவன் அறிவான். மனைவி மனிதப் பிறவி; அவளுக்குச் சொல்லவேண்டும். சொல்ல வாயெடுத்தான். முன்னறையில் பல் துளைக்கும் கருவி சீறத் தொடங்கியது. அது ஓய்வதற்குள் துணிவும் ஓய்ந்துபோனது.

அவள் எழுந்தாள். “ரெண்டு நல்ல பல்லை ராவிக்க எனக்கும் மனசு வரல. திருகே போட்டுக்கறேன். தையல் பிரிச்சதும் கிளம்பிடுவேன். எலும்பு பிடிச்சதும் கேப் போட லீவு கேட்டுட்டு வர்றேன். குடுப்பாங்கன்னு நெனக்கிறேன்.” கதவருகே நின்று, சற்றுக் குரல் தணிந்து சொன்னாள்: “ஒரு பிளேட் செஞ்சு குடுங்க. இந்தத் தடவை என் வாய்க்கு.”

அன்று பகல் முழுவதும் அவன் அந்தத் தகட்டைச் செய்தான். புதிய வார்ப்பில் இடம் குறுகியிருந்தது. பல்லை அகலம் குறைத்தான். நடுவே இழையளவு வெளி விடலாமா என்று பலமுறை அளந்து பார்த்தான். விட்டால் பல் குச்சியாகி முகத்துக்கு ஒவ்வாது. அவன் காதலித்த அந்த இருட்டை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. மெழுகைச் சுரண்டி, இரு பற்களையும் அருகருகே சேர்த்து வைத்தான். முடிந்ததும் தூர வைத்துப் பார்த்தான். அழகாகவே இருந்தது. அறியாத ஒருத்தியின் அழகு. அவளோடு இனிப் பழகவேண்டும்.

அறுவை ஒரு முற்பகலில் நடந்தது. அவன் பின்னறையில் வேறொருவருடைய கடைவாய்ப் பல்லுக்கு நிறம் தீட்ட முயன்று, மூன்று முறை துடைத்தழித்தான். சுவருக்கு அப்பால் கருவி மெதுவாகச் சுழலும் ஒலி. நீர் உறிஞ்சும் ஒலி. இடையிடையே மருத்துவரின் “நல்லாருக்கு, நல்லாருக்கு” என்ற குரல். பிறகு அழைத்தார்கள்.

பக்கத்திலிருந்த சிற்றறையில், சன்னலோரக் கட்டிலில் அவளைச் சாய்த்திருந்தார்கள். கன்னத்தில் பனிக்கட்டிப் பொதி. வாயில் மடித்த பஞ்சுத்துணி.

“திருகு கெட்டியா உக்காந்திருக்கு” என்றார் மருத்துவர். “ஒரு மணி நேரம் பஞ்சைக் கடிச்சபடியே இருக்கணும். பேசக் கூடாது, துப்பக் கூடாது. பேச வேண்டியது ஏதாவது இருந்தா, சிற்பி, நீங்க பேசுங்க.” கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியேறினார்.

அவன் முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தான். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வலிக்குதா?”

இல்லை என்று கண்ணால் சொன்னாள்.

“வாஷிங் மெஷின் மறுபடியும் தண்ணி விடுது. ஆளை வரச் சொல்லணும்.”

அவள் ஒரு புருவத்தை உயர்த்தினாள். இதைத்தானா பேச வந்தாய் என்பது அந்தப் புருவத்தின் பொருள். அவன் பனிக்கட்டிப் பொதியைச் சரிசெய்தான்.

“நீ முதல் தடவை போன அன்னிக்கு, ஏர்போர்ட்லேருந்து வந்து பாத்தா, நீ காப்பி குடிச்ச டம்ளர் அப்படியே இருந்துச்சு. கழுவினேன். ஆனா எடுத்து உள்ள வைக்க முடியல. ரொம்ப நாள் அங்கயே கவுத்து வெச்சிருந்தேன். பாப்பா அதுல தண்ணி குடிக்க எடுத்தா. அவளைப் போய்த் திட்டிட்டேன். ஏன் திட்டினேன்னு அவளுக்குப் புரியல.”

அவள் கூரையிலிருந்து பார்வையை இறக்கினாள்.

“நீ இல்லாம வீடு நடக்குது. அதுதான் கஷ்டம். நடக்காம நின்னுபோச்சுன்னா உன்கிட்ட சொல்லியிருப்பேன். எல்லாம் நேரத்துக்கு நடக்குது. யாரு பாத்தாலும் இவருக்கென்னன்னுதான் சொல்லுவாங்க. எனக்கு மட்டும் தெரியும், சாயந்திரம் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறேன்னு. உள்ள யாராவது இருப்பாங்களோன்னு. இருக்க மாட்டாங்கன்னு தெரியும். இருந்தாலும் நிக்கறேன்.”

சன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளை நிறுத்திப் பூட்டும் ஒலி கேட்டது.

“போகாதே” என்றான்.

சொல் எளிதாக வந்துவிட்டது. இத்தனை ஆண்டுகள் தூக்க முடியாத கல்லாகக் கிடந்தது, வந்தபோது மூன்றெழுத்தின் கனம்கூட இல்லாமல் வந்தது.

“நீ போவே. அது எனக்குத் தெரியும். அங்க உன்னை நம்பி ஆளுங்க இருக்காங்க, நீயும் அங்க வேற மாதிரி இருக்கே, நான் பாத்திருக்கேன். தெரிஞ்சுதான் கேக்கறேன். போகாதே.”

அவள் கண்ணின் ஓரத்தில் நீர் திரண்டு, சாய்ந்திருந்ததால் காதை நோக்கி வழிந்தது. ஏதோ சொல்ல உதட்டை அசைத்தாள்.

“சிஸ்டர், வாயைத் திறக்காதீங்க!” கதவுக்கு அப்பாலிருந்து மருத்துவரின் குரல் வந்தது.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். பஞ்சு கடித்த வாயோடு சிரிப்பு மூக்கு வழியாகப் பீறிட்டது; சிரிப்பும் அழுகையும் ஒன்றாகித் தோள்கள் குலுங்கின. அவன் பதறிப்போய் எழப்பார்த்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். சுவர்க்கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு மறு கையை உயர்த்தி, மேலே சொல்லுங்கள் என்பதுபோல் விரலைச் சுழற்றினாள்.

அவன் முக்காலியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டு, இரண்டாம் முறை அவள் போன நாளிலிருந்து சொல்லத் தொடங்கினான்.